குருவம்மாளின் குரல் பள்ளிக்கூடம் போன வருசம்

ஊசிமேடு அரசு உயர்நிலைப் பள்ளி திறந்த அன்றைக்கு செல்போனுக்கு டவர் கிடைக்கவில்லை, நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றவை. டவர் இருந்திருந்தால், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்குப் புதிதாக வந்த கணக்கு வாத்தியார் இளவழகன் மற்ற வாத்திமாரைப்போலவே செல்போனில் விரலால் தட்டி வருகையைப் பதிந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார். டவர் இல்லாததால் தலைமையாசிரியர் அருணகிரி, பேர்களை ஒரு ரிஜிஸ்தரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் தண்ணித்தொட்டி மேலே ஏறி ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். புது ரிஜிஸ்தர் இன்னும் வந்து சேரவில்லை. ஆபீஸ் உதவியாளர் பீரோவுக்கு அடியிலிருந்து கரையான் ஓரம் தின்ற ஒரு நீள ரிஜிஸ்தரை உருவித் தூசி தட்டி, பின்பக்கம் நிறையத் தாள் வெறுமனே கிடக்கிறது, அதில் எழுதிக்கொள்ளுங்கள் என்று கொடுத்தனுப்பினார். இளவழகன் கடலூர்ப் பக்கத்துக்காரர், முந்தின நாள்தான் பெட்டி படுக்கையோடு ஊருக்கு வந்து இறங்கியவர், ராத்திரி கொசுக்கடியில் தூக்கம் கெட்டவர். முன்பக்கத்தைத் திறந்தார். இருபத்து நாலு வருசத்துக்கு முந்தின ஒன்பது பி-யின் பேர்களைத் தன் வகுப்பின் பேர்கள் என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியார் வாசித்ததெல்லாம் அவர்களுடைய அப்பன் பேரும் ஆத்தா பேரும் மாமன் பேரும். முக்கால்வாசிப் பேருக்குப் பதில் இல்லை. அவர்கள் பத்தாவது தேறி, ஒருத்தர் போலீஸாகவும் ஒருத்தர் டெய்லராகவும் ஒருத்தர் துபாய்க்காரராகவும் போனவர்கள். ஆனால் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்த பேர்கள் பதினொன்று அதில் இருந்தன. அந்தப் பேர்களைக் கூப்பிட்டபோது மட்டும் ஆள் இல்லாத இடத்திலிருந்து பதில் வந்தது. "அ. குருவம்மாள்" என்று அவர் வாசித்ததும், மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம், செம்பகம் என்கிற பிள்ளைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குக் காலியாக இருந்த இடத்திலிருந்து, ஓட்டமாக ஓடிவந்து மூச்சு வாங்குகிற ஒரு பெண்பிள்ளைக் குரல், "உள்ளேன் ஐயா" என்றது. செம்பகம் திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. குருவம்மாள் என்பது அவளைப் பெற்றவளின் பேர்.

இளவழகன் பதினோரு பேருக்கு வந்ததாகக் குறித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு லீவு போட்டுவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தை ஆரம்பித்தார்.

அதே நேரத்தில் ஆறு கிலோமீட்டர் தள்ளி மேலப்பட்டியில் குருவம்மாள் டிவிஎஸ் வண்டியை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, பின்னால் மூன்று பெட்டிக் கருவாட்டோடு கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயசுக்காரி. புருசன் ஈரோட்டில் லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முகத்தைக் காட்டுவான். சுற்றியிருக்கிற ஐந்து ஊருக்கும் அவள் குரல்தான் கடிகாரம். அவள் கத்தினால் தெருக்கோடியில் உறங்குகிற பூனை எழுந்து உட்கார்ந்துவிடும். மற்ற வியாபாரிகள் மைக் செட்டு கட்டிப் பதிந்த குரலை ஓடவிட்டுக் காலாட்டிக்கொண்டு போக, அவளோ எனக்கு எதுக்கு இந்தத் தகரம் என்று தொண்டையை நம்பியே வண்டியோட்டினாள். அன்றைக்கு "சாளேய், பாறேய், நெத்..." என்று இழுத்தவளுக்கு மிச்சம் வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், எச்சில் விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள். தொண்டையில் வலியில்லை, கட்டில்லை, குரல் மட்டும் இல்லை. கிண்ணத்தோடு வந்த பொம்பளைகளுக்குக் கையாலேயே சைகை காட்டி வியாபாரத்தை முடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். நாலு மணி பத்து நிமிசத்துக்கு, பள்ளிக்கூடத்து மணி அடித்து ஓய்ந்ததும், ஈயச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து "திலேய்" என்று வந்து விழுந்தது.

சாயங்காலம் செம்பகம் வந்து, எம்மா உன் பேரை வகுப்பில் கூப்பிட்டார்கள், நீயே பதில் சொன்னாய், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் என்றாள். கூறுகெட்ட பேச்சுப் பேசாதே என்று குருவம்மாள் அவளை வைது அனுப்பினாள். அன்றைக்கு முழுக்க வையாததையும் சேர்த்து வைதாள்.

மறுநாள் இளவழகனுக்குத் தப்பு புரிந்தது. பின்பக்கத்து வெற்றுத்தாளில் சரியான பேர்களை அழகாக எழுதி வரிசையாகக் கூப்பிட்டார். எல்லாப் பிள்ளைகளும் சொல்லி முடித்த பிறகு, யாரும் கூப்பிடாமலே, காலியான பதினோரு இடங்களிலிருந்து பதினோரு "உள்ளேன் ஐயா" ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவர் மரியாதை தெரிந்த மனுசன். "சரி, உக்காருங்க" என்றார். அன்றிலிருந்து ஒன்பதரைக்குப் போய் நாலு பத்துக்குத் திரும்புவது அந்தப் பதினோரு குரல்களுக்கும் வாடிக்கையாகப் போயிற்று.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனது, இரண்டாம் வாரம் கோயிலுக்குப் போனது, மூன்றாம் வாரம் அலுத்துப்போய்ப் பழகிக்கொண்டது. டவுன் டாக்டர் பதினோரு தொண்டையிலும் லைட் அடித்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை, வெந்நீர் குடியுங்கள் என்றார். பதினோரு பேரில் சங்கரபாண்டி என்று ஒருத்தர், கட்சி மேடையில் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் முழங்குகிறவர். கட்சிக்காரர்கள் அவர் பேசுகிற கூட்டத்தையெல்லாம் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டு, பகல் போராட்டங்களில் அவரைக் கொடி பிடிக்க வைத்தார்கள். நாலு பொம்பளைகள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவர்கள். அவர்கள் வாய் மூடியதும் கை வேகம் கூடிவிட்டது என்று முதலாளிக்கு ஏக சந்தோசம். குரல்கள் வியர்த்துப்போய் வெளியே வந்துவிடக் கூடாது என்று ஒன்பது பி-க்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, நாலிலும் தன் பேரைப் பெயிண்டால் எழுதிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது. வாரம் முழுக்கத் தேங்கின சண்டை, கொஞ்சல், வசவு, விசாரிப்பு எல்லாவற்றையும் அந்தப் பதினோரு வீட்டிலும் ஒரே நாளில் தீர்த்தார்கள்.

குருவம்மாளுக்குத்தான் கை முறிந்த மாதிரி ஆயிற்று. காலையில் சோறு பொங்கிப் போட்டு வண்டியை எடுக்கவே எட்டரை ஆகிவிடும், ஒரு ஊரை முடிக்கும்முன் ஒன்பதரை வந்து தொண்டையைப் பூட்டிவிடும். கடைசியில் மானத்தை விட்டு மைக் செட்டு வாங்கி, விடியற்காலையில் தன் குரலைப் பதிந்து எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பதரைக்கு அந்தப் பதிவும் ஊமையாகிவிட்டது, பெட்டியில் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நாலு பத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஓடினாள். அப்படி ஓடும்போது வேறொரு சங்கடம். குரல் சும்மா வராது, பகலில் கேட்ட பாடத்தையும் தூக்கிக்கொண்டு வரும். "சாளேய், நெத்திலேய், ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயரேய்" என்று அவள் கூவ, தெருப் பொம்பளைகள் அது என்ன மீன்க்கா, முள்ளு இருக்குமா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

குரலைப் பகலிலும் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்று ஊருக்குக் காட்டியவளும் அவள்தான். ஆவணி மாசம் ஒரு நாள் செம்பகம் சோற்று டப்பாவை மறந்துவிட்டுப் போக, கொண்டுபோய்க் கொடுக்க வகுப்புக்குள் நுழைந்தாள். மூன்றாவது பெஞ்சருகே போய் டப்பாவை நீட்டியதும், "ஏட்டி, தலை இருக்கிறதையும் ஒரு நாளைக்கு மறந்துட்டு வரப் போற" என்று வாயிலிருந்து வந்தது. ஆனால் முப்பத்தெட்டு வயசுக் குரலில்லை, பதினாலு வயசுக் குரல். வகுப்பே கைதட்டியது. அதற்கப்புறம் இண்டர்வெல் மணி அடித்தால் போதும், பதினோரு பேரும் செல்போனும் கையுமாக ஒன்பது பி-க்குள் வந்து அவரவர் பழைய இடத்தில் இடுக்கி உட்கார்ந்து, பிள்ளைக் குரலில் ஊர் வம்பும் ஆட்டு வியாபாரமும் பேசினார்கள். ஒரு கல்யாணமே அங்கே முடிவானது. இளவழகன் முதலில் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு இண்டர்வெல்லுக்குப் பத்து நிமிசம், சாப்பாட்டு நேரத்துக்கு அரைமணி என்று சுவரில் எழுதி ஒட்டினார்.

இவ்வளவு நடந்தும் அந்த வருசம் முழுக்க ஒன்பது பி பக்கம் கால் வைக்காத ஒரே ஆள் தலைமையாசிரியர் அருணகிரி. அதற்கு எதிரே இருக்கிற கழிப்பறைக்குப் போவதற்குக்கூட மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

காரணம் ஊருக்குத் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இருபத்து நாலு வருசத்துக்கு முன்னால் அந்த ஒன்பது பி-க்கு வகுப்பு வாத்தியார் அவர்தான். சின்ன வயசு, முதல் வேலை. பத்தாம் வகுப்பில் பாதிக்குப் பாதி தோற்றுக்கொண்டிருந்த காலம், இப்படியே போனால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்று மேலிடத்திலிருந்து மிரட்டல். தேற மாட்டார்கள் என்று தோன்றிய பதினோரு பிள்ளைகளின் தகப்பன்மாரை ஒரு மத்தியானம் வரவழைத்து, டிசி-யில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, சிவப்பு மையால் கோடு போட்டார். குருவம்மாளின் அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவள் தலைமுடியைப் பின்னி ரிப்பன் கட்டி, நேரமாகிவிட்டதென்று ஓட்டமாக ஓடி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேர் கூப்பிட்டார்கள். கனகமணிக்கு அடுத்தது அவள் பேர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். கனகமணிக்கு அடுத்து சந்தானம் என்று கூப்பிட்டுவிட்டு வாத்தியார் தலை நிமிராமல் போய்க்கொண்டே இருந்தார். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றது. இண்டர்வெல் மணி அடிக்கிற வரைக்கும் அசையாமல் இருந்துவிட்டு, பைக்கட்டை எடுத்துக்கொண்டு தானாக எழுந்து வீட்டுக்கு நடந்தாள். மறுவாரம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து வாசலில் நின்றது.

அருணகிரியைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எங்கெங்கோ மாறுதலாகிப் போய், தலைமையாசிரியராக இதே ஊருக்குத் திரும்பி வந்து, பன்னிரண்டு வருசமாகப் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தோற்கவில்லை. பரீட்சைக் காலத்தில் பஸ் வராவிட்டால் தன் பைக்கில் மூன்று மூன்று பேராக ஏற்றிக்கொண்டுபோய் டவுன் சென்டரில் இறக்கிவிடுவார். அந்த நூறு சதவீதத்தைக் காட்டித்தான் சுற்றுச்சுவர் வாங்கினார், தண்ணீர் வாங்கினார், லேப் வாங்கினார். பஸ் ஸ்டாப்பில் ஊரே காசு போட்டு வைத்த பெரிய ஃபிளெக்ஸ் நிற்கிறது: தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் நூறு சதவீதத் தேர்ச்சி. பொண்ணு கேட்டு வருகிறவர்களை அந்த ஃபிளெக்ஸ் வழியாகத்தான் ஊசிமேட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு வருவார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மாலை அவருக்கு. வருசா வருசம் ஐந்தாறு பிள்ளைகள் ஒன்பதாவதோடு காணாமல் போவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

செம்பகத்துக்குக் கணக்கு வராது. தலைகீழாக நின்றாலும் வராது. அவளுக்கு வாய்த்ததெல்லாம் பக்கத்து இடத்துக் குரல்தான். வீட்டில் குருவம்மாள் வெடுவெடுவென்று விழுவாள், ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திட்டுவாள். அவளே பெஞ்சில் பதினாலு வயசாக இருந்தபோது கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி பேசினாள், வாத்தியார் திரும்புகிற நேரமாகப் பார்த்து நெல்லிக்காய்க் கதை சொன்னாள், நோட்டில் இந்த இடத்தில் கூட்டல் போடு என்று ரகசியமாகச் சொல்லி அதையும் தப்பாகச் சொன்னாள். இருவரும் சேர்ந்து முட்டை வாங்கினார்கள். மாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை செம்பகம் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்தக் குரலிடம் சொன்னாள்:

"பெரிய சார் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. ஆறு பேருக்கு டிசி. நான் சரின்னுட்டேன், ஆபீஸ் வேன்ல போறேன்னுட்டேன். ஆனா எனக்குப் பத்தாப்பு குரூப் போட்டோவுல நிக்கணும். எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்" என்றது குரல்.

நாலு பத்துக்கு அந்தக் குரல் அந்த வாக்குறுதியையும் சுமந்துகொண்டு குருவம்மாளின் தொண்டைக்குள் வந்து இறங்கியது. அவள் அப்போது தராசைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிவிட்டு வந்து பையை மாட்டினாள், காப்பி கேட்டாள், ஒன்றுமே நடக்காத மாதிரி சடையை அவிழ்த்தாள். குருவம்மாளுக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்று சொல்ல வாய் இல்லை, சொல்ல மாட்டேன் என்று சொன்னது அவள் வாய்தானே. இரண்டு மாசம் இந்த முள்ளை விழுங்கிக்கொண்டு திரிந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போக என்று தெரியவில்லை. கருவாட்டை நிறுத்த எடையை மறந்தாள், மேலப்பட்டிக்குப் போக வேண்டியவள் கீழப்பட்டிக்கு வண்டியைத் திருப்பினாள்.

முழுப் பரீட்சை முடிந்து, பெற்றோர் வர வேண்டும் என்று சீட்டு வந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. கவனித்துப் பாருங்கள், நாலு பத்துக்கு மேல் அல்ல.

தலைமையாசிரியர் அறையில் ஆறு டிசி-யும் எழுதித் தயாராக இருந்தன. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். போகப் போக, மேசையிலிருந்த நீள ரிஜிஸ்தரின் பின்பக்கத்தில் அருணகிரி ஒவ்வொரு பேரின் மேலும் சிவப்புக் கோடு இழுத்தார். கடைசியாகக் குருவம்மாள் உட்கார்ந்தாள். அவர் தணிவாகத்தான் பேசினார். பிள்ளை நல்ல பிள்ளை, படிப்பு ஏறவில்லை, பத்தாவதில் தோற்றால் மனசு உடைந்துபோவாள், தனித்தேர்வாக மெதுவாக எழுதிக்கொள்ளலாம், ஒரு ஆளுக்காக ஊர்ப் பேர் கெடக் கூடாது இல்லையா என்றார். குருவம்மாள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, காற்று வந்தது. அவளுக்குச் சொல்ல இருந்ததோ ஒரு வண்டி. "சரி, உனக்கும் சம்மதந்தானம்மா" என்று அவர் பேனாவை நீட்டினார். அவள் பேனாவை வாங்கினாள், தாளைப் பார்த்தாள், அப்பாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. பேனாவோடு எழுந்து வெளியே நடந்தாள்.

பேனா, பேனா என்று கூப்பிட்டுக்கொண்டே அருணகிரி பின்னால் வந்தார். ஒரு வருசமாகப் போகாத தாழ்வாரத்தில் தன்னையறியாமல் நடந்து, ஒன்பது பி வாசலில் போய்த்தான் நின்றார். உள்ளே கடைசி நாள் வகுப்பு. குருவம்மாள் மூன்றாவது பெஞ்சில் செம்பகத்துக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தாள். இருபத்து நாலு வருசம் தீப்பெட்டியும் கருவாடுமாக உழைத்த உடம்பு அந்த இடத்தில் எப்படி அடங்கியதோ, அடங்கியது. எழுந்து நின்று, ஓடிவந்து மூச்சு வாங்குகிற பிள்ளைக் குரலில் சொன்னாள்:

"சார், கனகமணிக்கு அடுத்து எம் பேரு. நீங்க கூப்பிடலை."

அருணகிரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தை மூடியிருப்பார்கள் குருவம்மா, வேறு வழி தெரியவில்லை என்று அவர் சொன்னது முதல் பெஞ்சுக்குக்கூட எட்டவில்லை. இளவழகன் என்ன செய்வதென்று தெரியாமல் சாக்பீஸைக் கீழே வைத்தார். அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்போது வேண்டுமானால் கூப்பிடுகிறேன், உன் பேரைக் கூப்பிட்டுவிடுகிறேன், இத்தோடு விட்டுவிடு என்றார். வகுப்பில் மற்ற பத்து இடங்களும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

குருவம்மாளுக்கு அந்த நேரத்தில் ஆசை வராமல் இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மனுசன் வாயால் அந்தப் பேர் வர வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். அந்த ஆசையைக் கையால் தள்ளி வைத்தாள்.

"எம் பேரு வேண்டாம் சார், அது போனது போயிருச்சு. ஜூன் மாசம் பத்தாப்புல இவ பேரைக் கூப்பிடுங்க. கூப்பிட்டா இந்தக் கொரலு இங்க வராது. கூப்பிடலைன்னா இவ கொரலையும் சேத்துக் கூட்டிக்கிட்டு இங்கயே உக்காந்திருக்கும்."

செம்பகம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்னேல்ல" என்றாள் மெதுவாக. "உங்கம்மாட்ட நான் சொல்லலை" என்றது குரல், அவளைப் பார்க்காமலே.

அருணகிரி பேனாவைக்கூட வாங்கிக்கொள்ளாமல் திரும்பிப் போனார்.

சாயங்காலம் டீக்கடையில் ஊர் கூடியது. நாலு பத்து ஆகிவிட்டதால் சங்கரபாண்டி முழுக்குரலில் முழங்கினார்: பதின்மூன்றாவது வருசம் ஃபிளெக்ஸ் வைக்க முடியாமல் போனால் யார் பொறுப்பு, ஒரு பிள்ளைக்காக ஊரையே தலைகுனிய வைப்பதா, நம்மையும்தான் நிறுத்தினார்கள், நாம் கெட்டா போய்விட்டோம்? சொல்கிறவர் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தர் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவருமே நினைக்கவில்லை. மே மாசம் முழுக்கக் குருவம்மாளிடம் கருவாடு வாங்குவதை ஊரில் பாதிப்பேர் நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் ஆபீஸ் உதவியாளர் வந்து, நாளைக்கு நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே வரக் கூடாது என்று பெரிய சார் சொல்லச் சொன்னார் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, உன்னைப் பார்த்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாதாம் என்றார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று குருவம்மாளுக்கு விளங்கவில்லை. வண்டிச் சக்கரத்தைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள்.

காலையில் செம்பகம் சீருடை போட்டுக்கொண்டு, தனக்கு அங்கே இடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே போனாள். குருவம்மாள் வண்டியை எடுத்துக்கொண்டு மேலப்பட்டிக்குப் போய், போன வருசம் நிறுத்தின அதே வீட்டு வாசலில் நிறுத்தினாள். ஒன்பது இருபத்தைந்துக்கு ஆரம்பித்தாள். நிறுத்தினால் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து இடைவெளியே விடாமல் கூவினாள்: சாளேய், நெத்திலேய், பாறேய், சாளேய், நெத்திலேய். ஒன்பதரை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கூவினாள். இப்போது பேர் கூப்பிடுவார்கள், இப்போது க, இப்போது கா, இப்போது ச என்று வரிசை நெஞ்சுக்குள் ஓடியது. கிண்ணத்தோடு வந்த பொம்பளை அரைக்கிலோ நெத்திலி என்றாள், குருவம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை. ஒன்பது நாற்பது. ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு ஊர் முழுக்க வாசலுக்கு வந்து நின்று இவளுக்கு என்ன வந்தது என்று பார்த்தது. குரல் அறுந்துவிழவில்லை. கரகரத்துப்போன, முப்பத்தொன்பது வயசுக் குரல், சுவரில் மோதித் திரும்பி அவள் காதுக்கே வந்தது.

"என்னக்கா, உடம்புக்கு ஆகலையா?" என்றாள் கிண்ணக்காரி.

"எம் மக பேரைக் கூப்பிட்டுட்டாக" என்றாள் குருவம்மாள். சொல்லிவிட்டு வண்டி மேலேயே உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். பிறகு தராசை எடுத்து அரைக்கிலோ நிறுத்து, மேலே ஒரு பிடி கூடவே போட்டாள்.

சாயங்காலம் செம்பகம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். பத்தாம் வகுப்பு வாத்தியாராக இளவழகன் சாரையே போட்டிருக்கிறார்களாம். பேர் கூப்பிட அதே கரையான் தின்ற ரிஜிஸ்தரைத்தான் கொண்டுவந்தாராம், மறதியாகவா வேண்டுமென்றா என்று யாரும் கேட்கவில்லையாம். செம்பகம் பேர் மேல் கோடு இல்லை. பெரிய சார் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாராம். ஒன்பது பி-யில் இன்றைக்குப் பத்துக் குரல்தானாம், ஜன்னலோரம் காலியாம்.

"ஆனா எம்மா, கோடு போட்ட அஞ்சு பேரையும் சேத்துக் கூப்பிட்டுட்டாரு. அஞ்சு பேரும் உள்ளேன் ஐயான்னு சொன்னாங்க. ஆளு யாரும் வரலை."

குருவம்மாள் அடுப்பைத் தணித்தாள். ஒன்பதரைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஐந்து பிள்ளைகளின் பேச்சு பாதியில் நின்றுபோனது என்பதை ஊர் அன்றைக்கே பேசத் தொடங்கியிருந்தது; பழகிவிடும், ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்றும் பேசிக்கொண்டது. அந்த ராத்திரி அவளுக்குக் கல்லில் போட்ட ரொட்டி மாதிரி புரண்டு புரண்டு படுப்பதே வேலையாகப் போயிற்று. அந்த ரிஜிஸ்தரில் கோடு விழுந்தவர்களில், பகலில், வகுப்புக்கு வெளியே நின்று பேசக்கூடிய வாய் இப்போது அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

மறுநாள் கருவாட்டு வண்டியை எடுக்கவில்லை. ஐந்து வீட்டுக்கும் போய், ஐந்து பெற்றவர்களையும் பிள்ளைகளையும் வேனில் ஏறவிடாமல் கூட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டி நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் போனாள். அப்போது மணி பதினொன்று. அருணகிரி நிமிர்ந்து பார்த்தார். குருவம்மாள் இடுப்பு முந்தானையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து மேசைமேல் அவர் பக்கமாக வைத்தாள்.

"சார், இன்னும் அஞ்சு பேரு இருக்கு" என்றாள், ஐந்து ஊருக்குக் கேட்கிற அந்தக் குரலில்.